முதல் அமெரிக்கக் காங்கிரஸ் (1789–1791): உறுப்பினர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? செனட்டின் கதவு ஏன் மூடியிருந்தது?

பதிவு 1 | அவைக்குறிப்பு

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட வாசகத்தோடு நின்றுவிடுகிறோம். அந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதன்முதலாகக் கூடிய காங்கிரஸ் எப்படி நடந்தது, அதில் உட்கார்ந்தவர்கள் தங்களை யாருடைய ஆட்களாகக் கருதினார்கள் என்பதைப் பற்றி இந்த இழையில் பேச விரும்புகிறேன்.

அதற்கு முந்தைய கூட்டமைப்புக் காங்கிரஸில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. மாநிலச் சட்டமன்றம் ஆண்டுதோறும் ஆட்களை அனுப்பும். வேண்டாமென்றால் நடுவிலேயே திருப்பி அழைத்துக்கொள்ளும். செலவுப் பணத்தையும் அதுவே கொடுக்கும். இரண்டு பேர் வந்தாலும் ஏழு பேர் வந்தாலும் மாநிலத்துக்கு ஒரே ஓட்டுதான். ஆறு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒருவரே உறுப்பினராக இருக்கவும் முடியாது. வந்தவர் தூதரே தவிர, சட்டம் இயற்றுபவர் அல்லர். விடுதலைப் போரை முடித்துவைத்த பாரிஸ் உடன்படிக்கையை 1784 ஜனவரியில் அனாபொலிஸ் நகரில் ஏற்பதற்கு ஒன்பது மாநிலங்களின் ஆட்களைத் திரட்டவே படாத பாடு பட்டார்கள்.

புதிய காங்கிரஸும் அதே நோயோடுதான் பிறந்தது. 1789 மார்ச் 4 அன்று நியூயார்க் ஃபெடரல் ஹால் கட்டடத்தில் அவைகள் கூட வேண்டும். அன்று வந்து சேர்ந்தவர்கள் 8 செனட்டர்களும் 13 பிரதிநிதிகளும் மட்டுமே. வட கரோலினாவும் ரோட் தீவும் அப்போது அரசியலமைப்பை ஏற்காததால் பிரதிநிதிகள் அவையில் 59 இடங்கள், செனட்டில் 22 இடங்கள். அவற்றில் பாதிக்கு மேல் ஆள் வந்தால்தான் ‘கோரம்’ எனப்படும் குறைந்தபட்ச வருகை நிறைவேறும். மக்கள் இந்த அரசு பிறப்பதற்கு முன்பே அதை மறந்துவிடுவார்கள் என்று மாசசூசெட்ஸின் ஃபிஷர் ஏம்ஸ் அந்தக் காத்திருப்பு நாட்களில் கடிதம் எழுதினார். ஏப்ரல் 1 அன்று கீழவையும், ரிச்சர்ட் ஹென்றி லீ வந்து பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்த ஏப்ரல் 6 அன்று செனட்டும் ஒருவழியாகக் கூடின.

ஏப்ரல் 8 முதல் பிரதிநிதிகள் அவை பார்வையாளர் மாடத்தை மக்களுக்குத் திறந்துவிட்டது. மாடியில் கூடிய செனட்டோ ஆண்டுக்கணக்கில் கதவை மூடிக்கொண்டே இயங்கியது. செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்ததால், பழைய தூதர் மனநிலை அவர்களிடம் எஞ்சியிருந்தது என்றும், மூடிய கதவு அதன் அடையாளம் என்றும் நான் கருதுகிறேன். இதை ஏற்கிறீர்களா?

பதிவு 2 | ஓய்வுபெற்ற ஆசிரியர்

நல்ல இழை. ஆனால் மூடிய கதவைத் தூதர் மனநிலையோடு முடிச்சுப் போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அன்றைய அரசியல்வாதிகளுக்கு மூடிய கதவு புதிதல்ல. 1774 முதல் கூடிய கண்டக் காங்கிரஸும் கதவை மூடித்தான் பேசியது. அரசியலமைப்பை எழுதிய மாநாடும் அப்படியே. திறந்த மாடம்தான் புதுமை; மூடிய கதவு பழைய வழக்கம்.

மாநிலச் சட்டமன்றத்தின் பிடி என்று நீங்கள் சொல்வது உண்மை. அதற்கு வேறு நல்ல சான்றுகள் இருக்கின்றன. வர்ஜீனியாவில் பேட்ரிக் ஹென்றியின் செல்வாக்கால் ஜேம்ஸ் மேடிசனுக்கு செனட் இடம் கிடைக்கவில்லை. புதிய அரசியலமைப்பைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த லீயும் வில்லியம் கிரேசனும் அனுப்பப்பட்டார்கள். மேடிசன் கீழவைத் தொகுதியில் ஜேம்ஸ் மன்றோவை 1,308க்கு 972 என்ற வாக்குக் கணக்கில் வென்று உள்ளே வந்தார். பின்னாளில் அதிபர்களான இருவர் ஒரே தொகுதியில் மோதிய தேர்தல் அது. நியூயார்க்கிலோ சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே உடன்படாமல் மாதக்கணக்கில் இழுபறியில் கிடந்தன. காங்கிரஸ் கூடியதே அந்த மாநிலத்தின் நகரில்தான். அப்படியிருந்தும் ஜூலை வரை செனட்டில் நியூயார்க்கின் இரண்டு நாற்காலிகளும் காலி.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். செனட்டர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விலக வேண்டும் என்பது விதி. அப்படியானால் முதலில் வந்த செனட்டர்களில் யார் இரண்டு ஆண்டில் போவது, யார் ஆறு ஆண்டு இருப்பது? ஒரே மாநிலத்தின் இருவரும் ஒரே பிரிவில் வராதபடி மூன்று பிரிவுகளாகப் பிரித்துக்கொண்டார்கள். மே 15 அன்று ஒரே அளவான மூன்று தாள்களில் 1, 2, 3 என்று எழுதிச் சுருட்டி ஒரு பெட்டியில் போட, பிரிவுக்கு ஒருவராக மூவர் எழுந்துவந்து எடுத்தார்கள். மாசசூசெட்ஸின் டிரிஸ்ட்ரம் டால்டன் கையில் 1 வந்தது. அவருடைய பிரிவினர் அனைவரும் 1791இல் வெளியேற வேண்டியவர்களானார்கள். அந்தப் பிரிவில் பென்சில்வேனியாவின் வில்லியம் மெக்லேயும் இருந்தார். அவரைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

பதிவு 3 | சட்டமாணவி

ஆசிரியர் ஐயாவின் திருத்தம் சரி. இழையின் தலைப்புக் கேள்விக்கு நேரடியான விடை தரும் விவாதம் ஒன்று கீழவையில் நடந்தது. அதை இங்கே பதிகிறேன்.

1789 ஆகஸ்ட் 15. அரசியலமைப்பில் சேர்க்க மேடிசன் ஜூன் 8 அன்று முன்வைத்த உரிமைத் திருத்தங்களை அவை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. பேச்சுரிமை, கூடும் உரிமை, மனுக் கொடுக்கும் உரிமை ஆகியவற்றைச் சொல்லும் வாசகம் வந்தபோது, தென் கரோலினாவின் தாமஸ் டியூடர் டக்கர் எழுந்து, மக்கள் தங்கள் பிரதிநிதிகளுக்குக் கட்டளையிடும் உரிமையையும் அதில் சேர்க்க வேண்டும் என்றார். எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஆதரித்தார்: இறையாண்மை மக்களிடம் இருக்கிறது என்றால், கட்டளையிடும் உரிமையும் அவர்களிடம்தானே இருக்க முடியும்? கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் மறுத்தார். பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு, எது பொதுவுக்கு நல்லது என்று கலந்து முடிவெடுக்கத்தான் அவை இருக்கிறது. வரும்போதே முடிவைக் கையில் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டால் கலந்து பேசுவதற்கு என்ன வேலை என்பது அவருடைய வாதம். வாக்கெடுப்பில் 10 பேர் ஆதரவு, 41 பேர் எதிர்ப்பு. திருத்தம் தோற்றது.

அந்த 41 பேரும் மக்களை மதிக்காதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களில் பலர் பழைய காங்கிரஸில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கட்டளை வராததால் எதற்கும் தலையாட்ட முடியாமல் தவித்தவர்கள். அந்தத் தவிப்பு அவர்களுடைய வாக்கில் தெரிகிறது.

சம்பளமும் இதோடு சேர்ந்ததுதான். முன்பு மாநிலம் கொடுத்ததை இனி தேசியக் கருவூலம் கொடுத்தது: உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 6 டாலர், சபாநாயகருக்கு 12, பயணத்துக்கு 20 மைலுக்கு 6 டாலர். செனட்டர்கள் தங்களுக்குக் கூடுதலாக வேண்டும் என்று வற்புறுத்தியதால், 1795 முதல் அவர்களுக்கு 7 டாலர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. படியளப்பவர் மாறியதும் விசுவாசமும் மெல்ல இடம் மாறியது என்பது என் கணிப்பு.

பதிவு 4 | ஏட்டுச்சுவடி

மெக்லேயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் செனட்டின் மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததை ஏறத்தாழ நாள்தோறும் குறித்துவைத்தவர் அவர். செனட்டின் அதிகாரபூர்வக் குறிப்பேடு தீர்மானத்தையும் முடிவையும்தான் பதிந்தது; யார் என்ன பேசினார் என்பதை அது சொல்லாது. எனவே 1789 ஆகஸ்ட் 22 அன்று நடந்ததை நாம் அவர் வழியாகவே காண்கிறோம்.

தெற்கிலுள்ள பூர்வகுடி நாடுகளோடு செய்யவேண்டிய உடன்படிக்கைகள் பற்றி செனட்டின் ஆலோசனையைக் கேட்க அதிபர் வாஷிங்டன் நேரிலேயே வந்தார். ‘செனட்டின் ஆலோசனையோடும் இசைவோடும்’ என்று அரசியலமைப்பு சொல்வதை அவர் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார். கூடவே போர்த்துறையைக் கவனித்த ஹென்றி நாக்ஸ். துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் தம் நாற்காலியை அதிபருக்கு விட்டுக்கொடுத்தார். நாக்ஸ் ஒரு தாளை அதிபரிடம் நீட்ட, அதிபர் அதை ஆடம்ஸிடம் கொடுக்க, ஆடம்ஸ் உரக்கப் படித்தார். வெளியே தெருவில் குதிரை வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் பூர்வகுடிகள் பற்றி ஏதோ சொல்லப்படுகிறது என்பதைத் தவிர ஒரு வாக்கியமும் தமக்கு விளங்கவில்லை என்று மெக்லே எழுதுகிறார். வாயிற்காவலரிடம் சைகை காட்டிச் சன்னல்களை இறக்கச் செய்தார்கள். படித்து முடித்தவுடன் ஆடம்ஸ் முதல் கேள்வியை வைத்து, இசைகிறீர்களா இல்லையா என்று கேட்டுவிட்டார்.

அவையில் அமைதி. ராபர்ட் மாரிஸ் எழுந்து, வண்டிச் சத்தத்தில் காதில் விழவில்லை, மறுபடியும் படிக்க வேண்டும் என்றார். பிறகு மெக்லே எழுந்து, தொடர்புடைய பழைய உடன்படிக்கைகளையும் ஆவணங்களையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதிபரின் முகம் கடுத்தது. முழு விவகாரத்தையும் ஒரு குழுவின் பார்வைக்கு விடலாம் என்று மாரிஸ் முன்மொழிந்தபோது வாஷிங்டன் சட்டென்று எழுந்து, தாம் இங்கே வந்த நோக்கமே இதனால் கெட்டுப்போகிறது என்று சொன்னதாக மெக்லேயின் குறிப்பு. பிறகு தணிந்து, திங்கட்கிழமை வரை தள்ளிவைக்க இசைந்தார். 24ஆம் தேதி அமைதியாக வந்து வேலையை முடித்துப் போனார்; உடன்படிக்கை பற்றி ஆலோசனை கேட்க அதற்குப் பின் அவர் அந்த அவைக்கு நேரில் வரவில்லை.

அரசியலமைப்பின் ஒரு சொல் எப்படி நடைமுறையாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது. ‘ஆலோசனை’ என்ற சொல் அந்த அறையில், வண்டிச் சத்தத்துக்கு நடுவே, பாதி உயிரை இழந்தது. அதிபர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது தங்களால் மனம்விட்டுப் பேச முடியாது என்று மெக்லே போன்றவர்கள் உணர்ந்தார்கள். அதை வெளிப்படையாகச் சொல்ல அந்த அவையில் துணிவும் இருந்தது.

பதிவு 5 | ஓய்வுபெற்ற ஆசிரியர்

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். மெக்லே எளிதில் மனம் கசப்பவர்; ஆடம்ஸை அவருக்கு அறவே பிடிக்காது; கருவூலச் செயலாளர் ஹாமில்டனின் திட்டங்களில் சூதைக் கண்டவர். அதிபரை எந்தப் பட்டத்தால் அழைப்பது என்று மே மாதத்தில் நடந்த நீண்ட விவாதத்தில், ‘மாட்சிமை பொருந்திய, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிபரும் அவற்றின் உரிமைகளின் காவலரும்’ என்ற பொருள்பட செனட் குழு பரிந்துரைத்ததை அவர் மூர்க்கமாக எதிர்த்தார். கீழவை வெறும் ‘அதிபர்’ போதும் என்று உறுதியாக நின்றதால் செனட் பின்வாங்கியது. அந்த விவகாரத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் 22 பேர் கொண்ட ஓர் அவையை ஒரே மனிதருடைய கண்ணால் மட்டும் பார்க்கும் நிலை நமக்கு வந்ததற்குக் காரணம் அந்த மூடிய கதவுதான். மற்றவர்கள் பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று.

கீழவையில் நிலைமை வேறு. தாமஸ் லாயிட் சுருக்கெழுத்தில் எடுத்து அச்சிட்டார், நாளிதழ்களும் வெளியிட்டன. அவற்றில் பிழைகள் மலிந்திருந்தன என்று மேடிசன் குறைப்பட்டதும், பேச்சுகள் திரிக்கப்படுவதாக ஏடனஸ் பர்க் அந்த செப்டம்பரிலேயே கண்டனத் தீர்மானம் கொண்டுவந்து பின்னர் திரும்பப் பெற்றதும் உண்மை. பிழையான பதிவுகூட இல்லாமையைவிட மேல் என்பதை வரலாறு படிக்கும் எவரும் ஒப்புவார்கள்.

பதிவு 6 | தெற்குவாசல்

இதுவரை எழுதியவர்கள் யாரும் தொடாத பக்கத்தை எழுதுகிறேன். ‘மக்கள்’ என்று இங்கே பலமுறை சொல்கிறோம். 1790 கணக்கெடுப்பில் எண்ணப்பட்ட சுமார் 39 லட்சம் பேரில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். அவர்களுக்கு வாக்கில்லை, ஆனால் இடங்களைப் பங்கிடும்போது ஐந்துக்கு மூன்று என்று அவர்களைக் கணக்கில் சேர்த்து, அவர்களை அடிமையாக வைத்திருந்தவர்களின் மாநிலங்களுக்குக் கூடுதல் நாற்காலி தரப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் இயற்றிய குடியுரிமைச் சட்டம், வந்து குடியேறுபவர்களில் ‘சுதந்திரமான வெள்ளையர்’ மட்டுமே குடிமக்களாகலாம் என்றது.

1790 பிப்ரவரியில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும், பெஞ்சமின் பிராங்க்ளின் கையொப்பத்தோடு பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கமும் மனு அனுப்பினார்கள். செனட் அவற்றின் மேல் எதுவும் செய்யவில்லை. கீழவையில் ஜார்ஜியாவின் ஜேம்ஸ் ஜாக்சனும் தென் கரோலினாவின் வில்லியம் லாட்டன் ஸ்மித்தும் நாட்கணக்கில் சீறினார்கள். மார்ச் 23 அன்று 29க்கு 25 என்ற வாக்கில், அடிமைகளை விடுவிப்பதில் தலையிடக் காங்கிரஸுக்கு அதிகாரமில்லை என்ற அறிக்கை குறிப்பேட்டில் பதியப்பட்டது. பிராங்க்ளின் ஒரு மாதத்துக்குள் காலமானார். கட்டளையிடும் உரிமையைப் பற்றிப் பேசியவர்கள், மனுக் கொடுக்கும் உரிமையையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 7 | சட்டமாணவி

தெற்குவாசல் எழுதியது மிகவும் அவசியமானது, நன்றி. அவர் சொன்ன ஸ்மித்தின் இடமே ஒரு வழக்கால் ஆடிய இடம் என்பதையும் சொல்கிறேன். பிரதிநிதியாவதற்கு ஏழு ஆண்டு குடிமகனாக இருக்க வேண்டும். ஸ்மித் சிறுவயதில் படிக்கப் போய் லண்டனிலும் ஜெனீவாவிலும் இருந்துவிட்டு, போர் முடிந்த 1783இல்தான் திரும்பினார். தோற்ற வேட்பாளர் டேவிட் ராம்சே, இவருக்குத் தகுதியில்லை என்று மனுச் செய்தார். பிறந்த மண்ணே குடியுரிமைக்கு அடிப்படை, தென் கரோலினா விடுதலை பெற்றபோது அதன் பிள்ளையான ஸ்மித்தும் அதன் குடிமகனானார் என்று மேடிசன் வாதிட்டார். மே 22 அன்று 36க்கு 1 என்ற வாக்கில் இடம் உறுதியானது. அவையின் ஒரே நிலையான குழுவாக அப்போது இருந்தது இப்படிப்பட்ட தகராறுகளைப் பார்க்கும் தேர்தல் குழுதான். மற்ற மசோதாக்களையெல்லாம் முழு அவைக் குழுவாகக் கூடி அலசிவிட்டு, வாசகம் எழுத மட்டும் அவ்வப்போது சிலரைத் தெரிந்தெடுத்து அனுப்பினார்கள். சபாநாயகர் ஃபிரெடெரிக் மூலன்பர்க் நாற்காலியை விட்டு இறங்குவார், வேறொருவர் தலைமையில் விதிகளின் இறுக்கம் தளர்ந்த பேச்சு நடக்கும்.

பதிவு 8 | அவைக்குறிப்பு

நான் எதிர்பார்த்ததைவிட இழை ஆழமாகப் போயிருக்கிறது. என் முதல் கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். ஒரு பகுதியை விடவில்லை.

விடாதது இது: எந்தக் கட்டளையும் இல்லாமலேயே உறுப்பினர்கள் ஊர் நலனை மறக்கவில்லை. மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசு ஏற்கவேண்டும் என்ற ஹாமில்டனின் திட்டம் 1790 ஏப்ரல் 12 அன்று 31க்கு 29 என்று தோற்றது. ஜூலையில் அதே திட்டம் 34க்கு 28 என்று வென்றது. இடையில் தலைநகரம் பிலடெல்பியாவில் பத்தாண்டு இருந்துவிட்டு பொட்டோமாக் ஆற்றங்கரைக்குப் போகும் என்று முடிவாகியிருந்தது. வாக்கை மாற்றிக்கொண்டவர்களில் வர்ஜீனியாவின் ரிச்சர்ட் பிளாண்ட் லீயும் அலெக்சாண்டர் வைட்டும் அந்த ஆற்றை ஒட்டிய தொகுதிக்காரர்கள்.

மாற்றிக்கொள்வது மூடிய கதவைப் பற்றியது. செனட்டின் கதவைத் திறக்கச் சொல்லி முதலில் வற்புறுத்தியது யார் என்று தேடிப்பார்த்தபோது, தம் செனட்டர்களுக்குக் கட்டளையிட்ட வர்ஜீனியாச் சட்டமன்றத்தில் போய் நின்றேன். 1790இலும் 1791இலும் அந்த மாநிலச் செனட்டர்கள் கொண்டுவந்த தீர்மானங்கள் தோற்றன. அனுப்பி வைத்தவர், தன் ஆள் உள்ளே என்ன செய்கிறார் என்று பார்க்க விரும்பியதால்தான் கதவு தட்டப்பட்டது. தூதர் மனநிலை கதவை மூடியது என்று நான் எழுதியது தலைகீழான பார்வை.

பதிவு 9 | ஏட்டுச்சுவடி

கதவு எப்படித் திறந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியாச் செனட்டர் ரிச்சர்ட் ஹென்றி லீயின் தீர்மானத்துக்கு 1790இல் கைதூக்கிய மிகச் சிலரில் மெக்லேயும் ஒருவர். சீட்டுக் குலுக்கலில் இரண்டு ஆண்டு மட்டுமே கிடைத்த அவரைப் பென்சில்வேனியா மறுபடி அனுப்பவில்லை. அங்கும் சட்டமன்றத்தின் இரு அவைகளும் தேர்தல் முறையில் உடன்படாததால் அவருடைய நாற்காலி 1791 மார்ச் முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காலியாகக் கிடந்தது. கடைசியில் அந்த நாற்காலிக்குத் தேர்வானவர் ஜெனீவாவில் பிறந்து 1780இல் வந்து குடியேறிய ஆல்பர்ட் கேலட்டின்.

செனட்டருக்கு வேண்டிய ஒன்பது ஆண்டுக் குடியுரிமை அவருக்கு இல்லை என்று மனு வந்தது. ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய மாநிலத்தின் முடிவை மூடிய அறையில் தள்ளுபடி செய்வது எப்படிப் பார்க்கப்படும் என்ற கவலை செனட்டுக்கு வந்தது. 1794 பிப்ரவரியில் அந்த ஒரு விசாரணைக்காகக் கதவைத் திறந்தார்கள். அதே நாட்களில், மாடம் கட்டி முடித்தபின் சட்டமியற்றும் அமர்வுகள் அனைத்தையும் திறந்துவைப்பது என்றும் தீர்மானித்தார்கள். பிப்ரவரி 28 அன்று 14க்கு 12 என்ற வாக்கில் கேலட்டின் இடமிழந்தார். பிலடெல்பியா காங்கிரஸ் ஹாலின் மாடியில் மாடம் எழுந்து, 1795 டிசம்பரில் மக்கள் வந்து உட்கார்ந்தார்கள்.